மேல் சுவிட்ச்

ஏணியடியில் ஸ்பானர் பெட்டி வாயைப் பிளந்தபடி கிடந்தது. பழுதுபார்க்க வந்த இராகுலனையும் காணவில்லை, அவனுடைய மோட்டார் சைக்கிளையும் காணவில்லை.

"ஓடிட்டான் பார்," என்று சனூஸா வாய்விட்டே சொன்னாள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம்; ஆண்களெல்லாம் பள்ளிவாசலில். கிண்ணியாக் கரையில் ஆண் குரல் ஒன்றுமில்லை. கூப்பிட்டு ஏசுவதற்குக்கூட ஆளில்லை.

படகு கட்டைகளின் மேல் ஏறி நின்றது. புருஷன் கட்டாரில் வெயிலில் காய்ந்து உழைத்து வாங்கிக் கொடுத்த படகு. பின்னால் தொங்குகிற டிரைவை, அதுதான் புரொப்பெல்லர் பூட்டின அந்தப் பெரிய இரும்பை, தூக்கி இறக்குகிற சிலிண்டர் இரண்டும் ஒரு கிழமையாகச் சொல்வழி கேட்பதில்லை. டிரைவ் மேலே ஏறாமல் படகைக் கடலுக்குத் தள்ள ஏலாது. நிலத்தில் இடித்து உடையும்.

நாளை விடியத் திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர் வருகிறார்கள். இனியும் படகு வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று ஹோட்டல்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முன்னுக்கும் போக வழியில்லை, பின்னுக்கும் வழியில்லை.

போன் அடித்தது. இராகுலன்தான்.

"எங்க நிக்கிறீங்க? உப்புவெளி ஹோட்டல் படகு பாக்கப் போயிட்டீங்களா? அங்க கவனிப்புக் கூடவாக்கும்!"

"பக்கத்திலதான் ராத்தா." மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி, மெல்லமாய் வந்தது குரல். கச்சான் காற்றில் படகின் கூரைச்சீலை அடிக்கிற அடியில் பாதி விளங்கவில்லை. "மோட்டார் சைக்கிள உங்கட தம்பி பள்ளிக்குக் கொண்டு போனவன். நீங்க ஏணியில ஏறி உள்ளுக்குப் போங்க. நான் சொல்லச் சொல்லச் செய்யணும்."

"அத அவனுக்கிட்டச் சொல்றது!"

"எத்தின தரம் போன் அடிச்சிட்டன். பள்ளிக்குள்ள போனை நிப்பாட்டி வச்சிருக்கான்."

"அப்ப நீங்களே வந்து செய்யுங்களன். ஆராச்சும் பிடிச்சுக் கட்டி வச்சிருக்கா?"

"ஏறுங்க ராத்தா," என்றான்.

முறுமுறுத்துக்கொண்டு முன்பக்க ஏணியால் ஏறினாள். ஸ்டியரிங்கடியில் இரண்டு சுவிட்ச். ஒன்று தூக்க, ஒன்று இறக்க. எழுத்து இரண்டிலும் உப்புக் காற்றில் அழிந்து போயிருந்தது. போன மாதம் தம்பிக்காரன் "தூக்கு, தூக்கு" என்று கத்த, பதறிப்போய் இறக்குகிற சுவிட்சை அமத்தி, புரொப்பெல்லரை மணலுக்குள் புதைத்தவள் இவள். அந்தக் கதை இராகுலனுக்கும் தெரியும்.

"ஒண்டையும் தொடாதீங்க. முதல்ல பின்னுக்குப் போய் இஞ்சின் மூடியத் திறங்க. இடப்பக்கத்தில ஒயில் நிக்கிற வெள்ளைக் குடுவை தெரியுதா? எவ்வளவு நிக்குது?"

"அடியில கொஞ்சம்."

"அதான். புது சீல் போட்டு டிரைவ மேல ஏத்தினன். முட்டுக்கட்டைய எடுத்திட்டு, நிக்குதா எண்டு பாத்தன். நிக்கேல்ல, சட்டெண்டு கீழ இறங்கிட்டுது. பக்கத்தில ஒயில் போத்தல் வச்சிருக்கன், கோடு வரைக்கும் ஊத்துங்க. பின்பக்கம் எட்டிப் பாக்காதீங்க!"

"ஏனாம்?"

"ஒயில் கண்ணுக்குள்ள சீறும்."

ஊற்றினாள். பாதி வெளியே போனது. "ஆறுதலாச் செய்யுங்க, அவசரமில்ல," என்றான். சொன்னவனுடைய மூச்சுத்தான் அவசரப்பட்டது.

"இப்ப ஸ்டியரிங்குக்கு வாங்க. ரெண்டு சுவிட்சில பாலத்துப் பக்கம் இருக்கிறது இல்ல, பள்ளிப் பக்கம் இருக்கிறது. மினாராவப் பாருங்க. விரல வச்சிட்டுச் சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

"பள்ளிப் பக்கம்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"பள்ளிப் பக்கம்! நான் என்ன பால்குடிப் பிள்ளையா?"

"கோவிக்காதீங்க. அமத்துங்க… விடுங்க."

பம்ப் முனகி அடங்கியது. அவள் வாய் திறக்க முந்தி அவனே சொன்னான்: "உள்ள காத்து நிக்குது. திரும்ப அமத்துங்க… விடுங்க. திரும்பவும்."

அமத்தினாள், விட்டாள், அமத்தினாள். வெயில் தலையைப் பிளந்தது. மனதுக்குள் ஓதிக்கொண்டே இன்னொரு தரம் அமத்தியபோது பம்பின் குரல் மாறியது. பின்பக்கம் இரும்பு கிறீச்சிட்டது. டிரைவின் உயரம் காட்டுகிற மீட்டர் முள் நடுங்கி நடுங்கி மேலே ஏறியது.

"ஏறுது! தம்பி, ஏறுது!"

"விடாதீங்க. அப்பிடியே பிடிங்க."

சனூஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளைக்குப் படகு போகும். "நான் வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன், மனசில வைக்காதீங்க தம்பி. வீட்டில கணவாய் ஆணம் ஆக்கி வச்சிருக்கன். எங்க நிண்டாலும் வந்து திண்டுட்டுப் போங்க."

முந்தானையால் கண்ணைத் துடைக்க, சுவிட்சிலிருந்த விரலைத் தூக்கப் போனாள்.

"ராத்தா!"

இந்த முறை குரல் போனுக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை, படகுக்கு அடியிலிருந்தும் வந்தது.

"பதறாமக் கேளுங்க, கைய மட்டும் எடுத்திடாதீங்க: என்ட கால் இன்னும் அந்த இரும்புக்குக் கீழதான் கிடக்கு."