முப்பத்தாறும் காலி

"முப்பத்தாறு படம், சகலை! ஒண்ணாவது மிஞ்சிச்சா?"

பெரிய மாப்பிள்ளையின் குரல் குளியலறையிலிருந்து கூடம் வரை கேட்டது. கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட ஈரப் பிலிமை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார் சின்ன மாப்பிள்ளை. பிலிம் முழுவதும் துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது. அதில் ஆளும் இல்லை, ஆளின் நிழலும் இல்லை.

"இல்லைண்ணா. முதல்ல டெவலப்பரை ஊத்தணும். நான் ஃபிக்ஸரை ஊத்திட்டேன் போல. எல்லாம் அழிஞ்சு போச்சு."

"ஊத்திட்டேன் போலவா? ரெண்டு பாட்டில், சகலை. ரெண்டே ரெண்டு! முப்பத்திரண்டு பல்லுக்கு நடுவுல நான் என்னைக்காவது தப்பான பல்லைப் பிடுங்கியிருக்கேனா?"

அவர் பல் டாக்டர். இதுவரை எதிலும் தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

சின்னவருக்கு வாய்த்த பெயர் வேறு. மாமனாரின் காது மெஷினைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்த நாளிலிருந்து, கட்டிய மனைவி உட்பட எல்லோரும் அவரைச் 'சொதப்பல்' என்றே அழைத்தார்கள். ஆகவே வீட்டில் யாரும் வியக்கவில்லை. ஆனால் இன்று பாழானது அற்பப் பொருள் அன்று.

மாமனார் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. மாமியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திருமணமாகி நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் ஒரே சோபாவில் அமர்ந்து பத்தாண்டுகள் இருக்கும். குடும்பப் படங்களில் ஒருவர் இந்தக் கோடி, மற்றவர் அந்தக் கோடி. இருவர் மட்டும் இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் குறையைப் போக்கத்தான் பெரியவர் தம் எழுபது வயதுக் கேமராவோடு காலையில் வந்து இறங்கினார். "போன்ல எடுக்கிறதெல்லாம் ஒரு படமா?" என்று எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அத்தை, கண்ணாடியைக் கழட்டிடுங்க, வெளிச்சம் அடிக்குது. மாமா தோள்ல சாஞ்சுக்குங்க. கையைப் பிடிச்சுக்குங்க. அசையவே கூடாது."

"ஒரு தடவைதான் மாப்பிள்ளை. இன்னொரு தடவை உட்காரச் சொன்னா எழுந்து போயிடுவேன்."

வெளிச்சத்தை அளந்து, தூரத்தை அளந்து, மூச்சைப் பிடித்து அவர் ஒரு ரோலை முடிப்பதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது. கழுவும் வேலையைச் சகலையிடம் தள்ளினார். கையில் மருந்து நெடி ஏறினால் நோயாளிகள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

"சின்ன மாப்பிள்ளை கையில குடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்," என்று கூடத்தில் மாமியார் பொரிந்துகொண்டிருந்தார். "ஒன்றேகால் மணி நேரம் ஒருக்களிச்சு உட்கார்ந்து கழுத்து பிடிச்சுக்கிச்சு. இனி யார் கூப்பிட்டாலும் வர மாட்டேன்!"

பெரியவர் அவரைச் சமாதானப்படுத்தப் போனார். அந்த இடைவெளியில் மாமனார் குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். பிலிமின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஓரத்துல நம்பரெல்லாம் பளிச்சுனு இருக்கே?"

"அது… அப்படித்தான் மாமா."

"போன மாசம் நீங்கதானே சொன்னீங்க? நம்பரைக் கம்பெனிக்காரனே பதிச்சுடுவான், டெவலப்பர் சரியா வேலை செஞ்சாத்தான் அது தெரியும், ஃபிக்ஸரை முன்னாடி ஊத்தினா நம்பரும் வராதுன்னு."

சின்னவர் கதவைப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க மாமா. நான் சரியாத்தான் கழுவினேன். அவர்தான் லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்திருக்கார். அந்தக் கேமராவுல கண் வச்சுப் பார்க்கிற ஓட்டை தனி, லென்ஸ் தனி. மூடி போட்டிருந்தாலும் எடுக்கிறவருக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"என் கணக்குல பத்தோட பதினொண்ணு மாமா. அவருக்கு இதுதான் முதல். தாங்க மாட்டார்."

மாமனார் பிலிமை மெல்லச் சுருட்டினார்.

"எனக்குத் தெரியும். முதல் படத்துலயே மூடியைப் பார்த்துட்டேன்."

"பார்த்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா? மறுபடியும் முதல்லேர்ந்துன்னு அவர் ஆரம்பிப்பார். ஆளை விடுங்கன்னு உங்க அத்தை எழுந்து போயிருப்பா." மாமனார் தம் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒன்றேகால் மணி நேரம், மாப்பிள்ளை. கையை விடவே இல்லை. நல்லவேளை, கண்ணாடி போடாததால அவ மூடியைப் பார்க்கலை."

கதவு திறந்தது. மாமியார் நின்றிருந்தார். சின்னவர் பிலிமைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் உட்கார்றேன்னு பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவை கடையில குடுத்துக் கழுவலாம்னார். வேண்டாம், சின்னவரே கழுவட்டும்னுட்டேன்."

"கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னியே?" என்றார் மாமனார்.

"பிடிச்சது என் கழுத்துதானே? உங்களுக்கென்ன?"

திரும்பிப் போனவர், இரண்டடி வைத்ததும் நின்றார்.

"இன்னொண்ணு. எனக்குக் கண்ணாடி புஸ்தகம் படிக்கத்தான். எட்ட இருக்கிறதெல்லாம் கண்ணாடி இல்லாமலே நல்லாத் தெரியும்."