நாற்காலியின் உயரம்

அரசாங்கம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்து, அலுவலகச் சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி பதித்தார்கள். எழுத்தர் ஞானசிகாமணிக்குக் காலையிலிருந்தே முதுகு வியர்த்தது. நாற்காலி தாழ்வென்று பழைய ஃபைல்களை அடுக்கி, அதன்மேல்தான் ஒன்பது வருடமாக அவர் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் காணாமல்போன கணவனைத் தேடித் தரச்சொல்லி மனுக் கொடுத்த மரியபுஷ்பத்திடம், "ஃபைல் டெல்லிக்குப் போயிருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அங்கிருந்துதான். இன்று அவள் வெளியே நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, கையிலிருந்த மனுச் சீட்டின் எண்ணை அவருக்கு அடியில் தெரிந்த ஃபைல் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். கண்ணாடியில் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"மணி ஒண்ணு சார், சாப்பிட வரலையா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"பசிக்கல. நீங்க போங்க."

அறை காலியானது. அவர் அசையவில்லை. அவள் கண்ணாடியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த தூக்குச்சட்டியை நிதானமாகத் திறந்தாள்.