திங்கட்கிழமை சேர வேண்டிய வேலை

பிளக் பாயின்ட் டிவிக்குப் பின்னால் இருந்தது.

அவள் மண்டியிட்டு ஃப்ரீசர் பெட்டியின் வயரைச் செருகினாள். பெட்டி ஒருமுறை நடுங்கியது. பிறகு சீராக முனகத் தொடங்கியது.

பதினெட்டு. பதினான்கு. ஒன்பது.

இறங்கும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் ஆபீசுக்கு வந்த போனை அவள்தான் எடுத்தாள். முகவரியை எழுதினாள். பெயரை எழுதினாள். நவநீதன், வயது முப்பத்திரண்டு. எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது.

"நான் போயி எறக்கி வெச்சுட்டு வந்தர்றனுங் மேடம்" என்றார் டிரைவர் அருள்தாஸ்.

அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

எம்.பி.ஏ. இரண்டு வருடமும் அவன் அவளுக்கு முன் பெஞ்சு.

கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு தொழில் திட்டம் சொல்ல வேண்டும். ஃப்ரீசர் பெட்டி, இறுதி ஊர்வல வண்டி என்று அவள் ஆரம்பித்ததுமே வகுப்பு சிரித்துவிட்டது. பழைய பேட்டரிகளைப் புதுப்பிக்கும் கம்பெனி என்றான் அவன். கைதட்டினார்கள். தலைமைப் பண்புக்கான மெடல் அந்த வருடம் அவனுக்குத்தான்.

இரண்டு பேருமே சொன்னதைச் செய்தார்கள். பிடித்ததைச் செய்கிறோம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்கள்.

அவன் வீட்டு வாசலில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ விருது மேடையில் எடுத்த படம். அவன் கையிலிருந்த மைக் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது.

ஜி.ஹெச்சில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பு. என்ன ஆனது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவன் அப்பா மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன கை. அந்தக் கையில் மகனின் போன்.

"அம்மிணி, நீங்க படிச்ச புள்ளையாட்ட இருக்கறீங்க. இதத் தொறக்க முடியுங்களா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

"ஒருத்தருக்குத் தாக்கல் சொல்லோணுமுங்க. திங்கக்கெழமையிருந்து ஒரு கம்பெனில சேர்றனப்பான்னு சொன்னான். கூடப் படிச்ச புள்ளையோட கம்பெனியாமா. அது பாட்டுக்கு அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமில்லீங்க."

அவள் போனைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள்.

"எப்பச் சொன்னாருங்?"

"போன வாரம் புதங்கெழமைங்க. அவனோட கம்பெனிய மூடுன ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் ரெண்டு வாய் சேத்திச் சாப்புட்டான்."

புதன்கிழமை.

சிங்காநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டிருந்தான். மூன்று வருடம் கழித்து. "உன்ர கம்பெனில எனக்கொரு வேல குடேன். வண்டி கூட ஓட்டறன்" என்றான்.

அவள் சிரித்தாள். மெடல் வாங்கினவன் கேட்கிற கேள்வியா அது.

"தூக்கறதுக்கு ஆளு வேணும்னா சொல்லியனுப்பறேன் போடா."

அவனும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். பச்சை விழுந்தது. அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

கூப்பிடவில்லை.

"அந்தப் புள்ள பேரு கூடத் தெரியாதுங்க" என்றார் அப்பா.

தெரிந்தவர்களிடம் விசாரித்துத் தகவல் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ரசீதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"அது நான்தானுங்கப்பா."

அவர் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்த கம்பெனிப் பெயரை உதட்டசைத்துப் படித்தார்.

"இந்தக் கம்பெனிங்களா?"

"ஆமாங்."

"என்ன வேலைங்க?"



"மேனேஜருங். எல்லாத்தையும் நவநீதன்தான் பாத்துக்கறதா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் குனிந்தார்.

"கேட்டியா, சரசு. நெசந்தானாமா. மேனேஜராமா."

அந்த அம்மா காலையிலிருந்து அழவில்லை என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். வெறித்த கண் வெறித்தபடி இருந்தது. இப்போது அந்த அம்மாவின் வாய் திறந்தது.

"திங்கக்கெழம போறன்னு சொல்லிப்போட்டு
சனிக்கெழமயே போயிட்டியே என்ர சாமீ...
மேனேசரு உத்தியோகம் மேசபோட்டுக் காத்திருக்க
மேல்லோகம் போயிட்டியே என்ர சாமீ..."

சுற்றியிருந்த பெண்கள் தோளோடு தோள் சேர்ந்தார்கள். அந்த வரியை ஒருத்தி வாங்கினாள். இன்னொருத்தி வாங்கினாள். மேனேசரு, மேனேசரு என்று வீடு முழுக்கக் கேட்டது. ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவள் தரையில் உட்கார வேண்டியதாயிற்று.

"வேல குடுத்த மவராசி வந்துருக்குது, எந்திரிச்சுப் பாரு சாமீ..."

அவள் கையை அந்த அம்மா இழுத்துக் கண்ணாடியின் மேல் வைத்து அழுத்தினாள். நேர் கீழே அவன் முகம். இனிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அருள்தாஸ் கதவருகே வந்து நின்றார். கம்பெனியில் மேனேஜர் என்று ஒரு வேலையே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

"அடுத்த எடத்துல கூப்படறாங்க மேடம்" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்க போங்கண்ணா."

அவர் போன பிறகும் அந்த அம்மா பாடிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி குளிர்ந்து விரல்கள் மரத்துப்போயின.

அவள் கையை எடுக்கவில்லை.