ஒரு வாய்க் கெண்டை என்ன விலை?

நீர்நாய் கடையில் உயிர்க்கெண்டை இருபது ரூபாயிலிருந்து ஐம்பது வரை இருந்தது. பசியோடு வந்த கொக்கு வாளிக்குள் எட்டிப் பார்த்தது.

"இந்த இருபது ரூபாய்க் கெண்டை பத்து வாய் தேறும். வாய்க்கு ரெண்டு ரூபாய். குடு."

கெண்டை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது. "அண்ணே, முள்ளைக் கழிச்சீங்களா?"

"அட, ஆமா! எட்டு வாய்தான். அப்போ ரெண்டரை."

"தலை?"

"அஞ்சு வாய். நாலு ரூபாயா!"

"வாலும் செதிலும் இருக்கே அண்ணே."

"நாலே வாய். வாய்க்கு அஞ்சு ரூபாய்! பகல் கொள்ளை!"

நீர்நாய் தலையில் அடித்துக்கொண்டது. "முழுசா விழுங்குறவனுக்கு முள்ளு என்னடா, தலை என்னடா?"

"கணக்குன்னா கணக்குதான். எனக்குக் கெண்டை வேண்டாம். அந்தத் தவளை என்ன விலை?"

பக்கத்து வாளியில் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தவளை, தொண்டையைச் செருமிக்கொண்டது.

"எலும்போடவா அண்ணே, எலும்பு இல்லாமலா?"