நாலாம் நாள் தாலாட்டு

கோவை ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள், சாணுக்குச் சற்றே மிஞ்சிய நீளத்தில், இளவேனிலின் குறைமாதப் பிள்ளை கிடக்கிறான். பிறந்து நான்கு நாளாகிறது. ஒரு தரம்கூட அழவில்லை. "ஏனுங்கக்கா, ஒரு பாட்டுப் பாடுங்க. உங்க சத்தம் அவனுக்குக் கேக்கட்டுங்க" என்கிறாள் நர்ஸ். பெட்டியின் வட்டத் துளை வழியே கைவிட்டு, சானிடைசர் மணக்கும் விரலால் இளவேனில் அவன் பாதத்தைத் தொடுகிறாள். மானிட்டர் ஒரே சீராக ஒலிக்கிறது. சன்னல் வெயில் பெட்டியின் விளிம்பில் ஏறி நிற்கிறது. தெரிந்த தாலாட்டுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்துவிடுகிறாள். அத்தனையும் அழாதே, அழாதே என்றுதான் கெஞ்சுகின்றன. தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை மாற்றிப் பாடுகிறாள். "அழுவு கண்ணு... நம்ம ஊடே அதிர அழுவு, சாமி."