சிமிலின்னா இன்னா?

நீலமேகம் உதைத்த உதையில் முன் பெஞ்சு முறிந்து விழுந்தது. கதவை மறித்துக்கொண்டு அவனுடைய கூட்டாளி. இருவர் கையிலும் பட்டாக்கத்தி.

ராயபுரத்து மாடியறை அது. துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டிலும் மாரடிக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ் படிக்கிற இடம். பலகையில் 'சிமிலி, மெட்டஃபர்' என்று எழுதிக்கொண்டிருந்த இளைஞனின் விரலில் சாக்பீஸ் உடைந்தது.

"வாத்தியாரே, உன்கூட எங்களுக்குப் பேஜாரு இல்ல. திங்கக்கெழம கொலக் கேசுல சாட்சி சொல்லப் போறானே அர்ஜுன், அவன் எவன்? காட்டிட்டா போய்க்கினே இருப்போம்."

இளைஞன் பலகைப் பக்கமாகப் பின்வாங்கினான். நீலமேகம் விட்ட அறையில் அவன் சுவரில் மோதி உதடு கிழிந்தது.

"போட்டோ கூட இல்லாம மீஞ்சூர்லேந்து வந்துக்கீறோமே, எப்டிண்ணே கண்டுபுடிக்கிறது?" என்றான் கூட்டாளி.

"போட்டோ எதுக்குடா? அவன் ஐஸ் ஒடைக்கிறவன், ஏபிசிடி கூட தெரியாத கைநாட்டு. வாத்தியாரே, பலகைல எழுதிக்கீறியே, அத ஒவ்வொருத்தனா கேளு. எவன் முழிக்கிறானோ அவன்தான்."

கத்தி முனை முதுகில் அழுத்திக்கொண்டிருக்கும்போது யாரால் மறுக்க முடியும்? "சிமிலின்னா... இன்னா?" என்று கேட்டான் இளைஞன்.

"இது அது மாதிரி கீதுன்னு 'லைக்' போட்டு சொல்றது, சார்" என்றான் முதலில் எழுந்த ஹுமாயூன்.

"கரீக்டா?" என்று உறுமினான் நீலமேகம்.

இளைஞனின் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண்மணி கண்ணை மூடித் திறந்தார். "கரீக்டு" என்றான் இளைஞன்.

அடுத்த இரண்டு பேரும் எப்படியோ தப்பித்தார்கள். நான்காவதாக எழுந்தவன் பெயர் வெற்றி. பாவம், நன்றாகப் படிக்கிறவன்தான். பயத்தில் நாக்கு எழும்பவில்லை.

"மாட்டுனான்டா!" வெற்றியின் தோளில் கத்தி இறங்கியது. ரத்தம் நோட்டில் கொட்டியது. நீலமேகம் மறுபடியும் ஓங்கினான்.

"அவன வுடு! அவன் இல்ல! அர்ஜுன்..." என்று இளைஞன் அலறிக்கொண்டு பாய்ந்தான்.

"அர்ஜுன் இன்னிக்கு வரவே இல்லப்பா!" அவன் குரலை அமுக்கிக் கத்தினார் கடைசி பெஞ்சுப் பெண்மணி. ஓடிவந்து வெற்றியின் மேல் விழுந்தார். இறங்கிய கத்தி அவருடைய முழங்கையைக் கிழித்தது. வலியில் துடித்தாரே தவிர, வெற்றியை விட்டு நகரவில்லை.

அலறல் கேட்டு, கீழே மீன் விற்கும் பெண்கள் கூடிக் கூச்சல் போட்டார்கள். கல் ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"அண்ணே, ஜனம் சேந்துகினு கீது! வா, பூடலாம்!"

நீலமேகம் காறித் துப்பினான். போகிற போக்கில் இளைஞனின் கன்னத்தில் தட்டினான். "நீ படிச்ச மன்சன் வாத்தியாரே, பொழச்சிப் போ."

படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓய்ந்தது. ஹுமாயூன் தன் சட்டையைக் கிழித்து வெற்றியின் தோளைக் கட்டினான். இளைஞன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ரத்தம் சொட்டும் கையோடு அந்தப் பெண்மணி அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"வாராவாரம் ஒருத்தர் என் எடத்துல நின்னு பாடம் நடத்தணும்னு சொன்னப்ப, மாட்டேன் டீச்சர்னு அடம் புடிச்சியே... பின்பக்கமா ஓடு, அர்ஜுன்!"