முட்டம் பாறையில் ஒரு டப்பா

"களவாணிப் பயலுவ! ஒரு டப்பாவ நம்பி வைக்க முடியல்ல."

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறைமேல் குப்புறப் படுத்து, இடுக்குக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவியபடி புலம்பினான் ரெஜின். துபாயிலிருந்து லீவில் வந்தவன். புது மனைவி ஜின்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

நாகர்கோவிலில் பைக்கை எடுத்ததுமே அவளுக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"இதுக்குப் பேரு ஜியோகேச்சிங். ஒருத்தன் ஒரு டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வைப்பான். அந்த எடம் எதுன்னு இன்டர்நெட்டுல போடுவான். மத்தவங்க ஜி.பி.எஸ். வச்சுத் தேடிக் கண்டுபிடிக்கணும். உலகம் பூரா விளையாடுகாவ."

"டப்பாவுக்குள்ள என்ன இருக்கும் அத்தான்? தங்கமா?"

"சாவிக்கொத்து, பொம்மைக் காரு, கோலிக்காய்... இப்பிடி."

"இதுக்கா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பெட்ரோலைக் கொளுத்திட்டுப் போறோம்?"

புது மாப்பிள்ளை என்பதால் ரெஜினுக்குக் கோபம் வரவில்லை.

"தேடுகதுலதான் சொகம் கெடக்கு. போனு நம்மள பக்கத்துல கொண்டு விடும், அவ்வளவுதான். பொறவு நம்ம கண்ணுதான் கண்டுபிடிக்கணும். ஒரு சாமானம் எடுத்தா அதுக்குச் சமமா ஒண்ணு வைக்கணும். உள்ள இருக்க நோட்டுல பேரு எழுதிட்டு, இருந்தது போலவே ஒளிச்சு வைக்கணும். முக்கியமா, ஊருக்காரங்க பாத்துரக் கூடாது."

"பாத்தா?"

"தூக்கிட்டுப் போயிருவானுவ."

அதுதான் அவனுடைய நெடுநாள் ஆற்றாமை. சில வருஷங்களுக்கு முன்பு லீவில் வந்தபோது அவனே ஒளித்து வைத்த டப்பா இது. துபாய் நண்பர்களிடம் 'எங்க ஊர்ல என் டப்பா இருக்கு' என்று பெருமையடித்து வைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் யாராவது 'டப்பாவைக் காணோம்' என்று எழுதுவார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு யாராவது 'கிடைத்தது' என்று எழுதுவார்கள். இந்த வருஷமும் அதே கதைதான். அவனே போய்ப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் டப்பாவை விளையாட்டிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று விளையாட்டை நடத்துபவர்களிடமிருந்து கடைசி எச்சரிக்கையும் வந்துவிட்டது.

இடுக்கில் ஈர மணல்தான் இருந்தது.

"அத்தான்... அங்க பாருங்க."

பாறைகளின் வழியே ஓர் அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பெயர் வியாகுலம்மாள், முட்டத்தில் மீன் விற்பவள். இடுப்பில் இருந்த மீன் கடவப் பெட்டிக்குள் ஒரு பச்சை மூடி டப்பா தெரிந்தது.

ரெஜின் பாய்ந்து எழுந்தான்.

"நில்லு! அந்த டப்பா ஏது ஒனக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் டப்பாவைப் பிடுங்கினான்.

"நான் எனக்க கையால வச்ச சாமானம்! வெக்கமா இல்லியா? பொம்மைக் காரையும் கோலிக்காயையும் போயா களவெடுப்பாவ? ஒன்னயெல்லாம் போலீசுல புடிச்சுக் குடுக்கணும்!"

பக்கத்துப் பாறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வியாகுலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜின்சிக்கு அது என்னவோ போலிருந்தது. டப்பாவை வாங்கித் திறந்தாள். கார், கோலிக்காய், சாவிக்கொத்து எல்லாம் அப்படியே இருந்தன. நனையாமல் இருக்க யாரோ பாலிதீன் தாளில் பொதிந்து வைத்திருந்தார்கள்.

"எதுக்கும்மா இத எடுத்திய?"

"ஆனி, ஆடியில கடல் இந்த இடுக்கு வரைக்கும் ஏறி அடிக்கும் மக்கா. டப்பாவையும் இழுத்துட்டுப் போயிரும். அதான் வருசா வருசம் வீட்டுக்குக் கொண்டுபோயி மாதா படத்துக்குக் கீழ வச்சிருப்பேன். கடல் அடங்கினா திருப்பிக் கொண்டு வச்சிருவேன். இன்னைக்கும் அதுக்குத்தான் வந்தேன்."

"ஒங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?"

"பிள்ளையத்தான் கடல் கொண்டுபோச்சு. அது வெளயாடின சாமானத்தயும் கொண்டுபோகணுமா?"

"எந்தப் பிள்ளைம்மா?"

வியாகுலம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் மேல நின்னு பாப்பேன் மக்கா. எங்கெங்கோ இருந்து ஆளுவ வருவாவ. வெள்ளைக்காரங்க கூட வந்திருக்காவ. தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்து நிப்பாவ. பொறவு முட்டுக்கால் குத்தி, டப்பாவ எடுத்துப் பேரு எழுதிட்டுப் போவாவ. கல்லறைத் திருநாளுக்குச் செத்தவங்க பேர நாங்க கோயில்ல எழுதிக் குடுக்கோம்லா, அதுபோல. சுனாமியில போன பிள்ளைங்க எத்தனயோ பேருக்குக் கல்லறையே இல்ல. அப்பிடி ஒரு பிள்ளைக்குப் பெத்தவங்க வச்ச எடம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு அந்தத் தகப்பனயும் பாத்துட்டேன்," என்று ரெஜினைக் காட்டினாள்.

வந்தவர்கள் தலையைக் குனிந்தது கையிலிருந்த போனைப் பார்க்க என்பது ரெஜினுக்குத் தெரியும். இது வெறும் விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. சற்று முன் கத்திய கத்தலை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"அவரு ஏசினத மனசுல வச்சுக்காதீங்கம்மா," என்றாள் ஜின்சி கலங்கிப்போய்.

வியாகுலம்மாள் ரெஜினின் தோளில் கை வைத்தாள்.

"ஏசட்டும் மக்கா. எனக்க மவளக் கடல் கொண்டுபோனப்ப, நானும் கண்ணுல கண்டவங்கள எல்லாம் இப்பிடித்தான் ஏசினேன்."